கண்ணாடியும் மொடாவும்

1

மீன்தொட்டியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு ஏதேனும் நியாயம் சொல்லியாக வேண்டும். சுலபமாகக் கிடைக்கும் நியாயம், தமிழ்ப் புதுக்கவிதை இன்னும் மீன்தொட்டியை விட்டபாடில்லை என்பது. அடைபட்ட மனம், வாடகை அறை, மத்தியதரக் குடும்பம், சுற்றிச்சுற்றி அதே சுவரில் முட்டும் பிரக்ஞை, எல்லாவற்றுக்கும் ஒரு தொட்டியும் அதில் ஒரு மீனும் போதுமானதாக இருந்திருக்கின்றன. இவற்றில் நான் படித்த எதிலும் தண்ணீருக்கு வெப்பநிலை கிடையாது. கண்ணாடி உண்டு. மீனின் வாய் திறந்து மூடுவது உண்டு. அது ஏதோ சொல்ல முயல்வதாக அர்த்தப்படுத்தப்படும். வெளியே நின்று பார்க்கும் ஒரு 'நான்' உண்டு. பொள்ளாச்சியில் ஏப்ரல் மாதம் ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தவன் எழுதிய வரி என்று எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

படிமம் ஆவதற்கு ஒரு பொருள் தன் எடையையும் சூட்டையும் கொஞ்சம் இழக்கத்தான் வேண்டியிருக்கிறது. எவ்வளவு இழக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மீன் வாயைத் திறந்து மூடுவது செவுள்களுக்குத் தண்ணீரைத் தள்ளுவதற்காக. நீர்ப்பரப்புக்கு வந்து அப்படிச் செய்தால் பெரும்பாலும் பிராணவாயு போதவில்லை என்று பொருள். மூச்சுத்திணறலைப் பேச்சு என்று வாசித்துக்கொள்கிற கவிதை, தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, மீனை அல்ல. கண்ணாடி அதற்கும் உதவக்கூடிய பொருள்தான்.

2

என் தொட்டி நானே செய்தது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். ஜன்னல் கண்ணாடி விற்கும் கடையில் 5 மில்லிமீட்டர் கண்ணாடியை ஐந்து துண்டாக வெட்டி வாங்கி, சிலிக்கோன் பசையால் ஒட்டினேன். பசை காய்கிற வரையில் வீடு முழுவதும் வினிகர் நாற்றம். முந்தைய தலைமுறைத் தொட்டிகளுக்கு வெல்டிங் பட்டறையில் இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, உள்ளே புட்டி வைத்துக் கண்ணாடியை இறுக்குவார்கள். அந்தத் தொட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என்னுடையதில் சட்டமே இல்லை. தண்ணீர் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். நடைமுறையில் 50. இரண்டு தங்கமீன்களும் ஏழெட்டு அயிரைகளும்.

மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை தொட்டியில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. பகல் இரண்டு மணிக்கு 30 டிகிரி என்றால் ராத்திரி எட்டு மணிக்கு 33 காட்டும். உச்சி வெயிலை எதிர்பார்த்துக் காத்திருந்தவனுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். கான்கிரீட் தளமும் மேற்குச் சுவரும் பகலெல்லாம் வாங்கி வைத்த உஷ்ணத்தைச் சூரியன் போன பிறகுதான் உள்ளே விடுகின்றன. வெயில் ஓய்ந்த பின்புதான் வெயில் வீட்டுக்குள் வருகிறது. தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து நான்கடி நகர்த்தி, உட்சுவர் ஓரம் தரைக்குப் பக்கமாக வைத்தால் ஒரு டிகிரிக்கு மேல் குறைகிறது. விளக்கை அணைத்தால் இன்னும் கொஞ்சம்.

எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளுக்குத் தொட்டிக்கட்டு வீடு என்றே பெயர். நடுவில் வானம் பார்த்த பள்ளம், நாலு புறமும் ஓட்டுத் தாழ்வாரம், மழை உள்ளே வந்து விழும். பகல் சூட்டை ராத்திரி அந்தத் திறப்பின் வழியாக வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு அது. அப்படிப்பட்ட வீடுகள் இடிந்த மனைகளில் இப்போது எழும்பியிருக்கிற கட்டடங்களில் தொட்டி என்ற சொல் மாடியில் ஏறிக் கறுப்பு பிளாஸ்டிக்காக வெயிலில் காய்கிறது. என் மீன்களுக்கான தண்ணீரும் அதிலிருந்துதான் இறங்குகிறது. மதியம் குழாயைத் திறந்தால் கை பொறுக்காது.

சூட்டினால் மட்டும் மீன் செத்துவிடுவதில்லை. கடல்மட்ட அழுத்தத்தில், நல்ல தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் 8.3. 30 டிகிரியில் 7.6. 35இல் 7க்கும் கீழே. அதே சமயம் குளிர்ரத்தப் பிராணியான மீனின் உடம்பு, சூடு ஏற ஏற வேகமாக எரிகிறது. 10 டிகிரி ஏறினால் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறையும்போதே செலவு கூடுகிற குடும்பம். இது போதாதென்று தொட்டியில் இருக்கும் செடிகளும் ராத்திரி முழுக்க அதே பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆபத்தான நேரம் அதிக சூடான எட்டு மணி அல்ல, விடிவதற்கு முந்தைய நாலு, நாலரை. தங்கமீன் மேற்பரப்பில் வாயை வைத்துக்கொண்டு நிற்பதை அப்போது பார்க்கலாம். கவிதை எழுதுகிறவர்கள் பொதுவாக விழித்திருக்கும் நேரம்தான் அது.

3

மேலை நாட்டில் இந்தத் தொட்டி பிறந்தபோது அதற்கு ஒரு சித்தாந்தமும் உடன் பிறந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் லண்டனில், மீனும் நீர்ப்பாசியைப் போன்ற வாலிஸ்னேரியா செடியும் நத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்று ஓர் ஆய்வுரையில் சொன்னார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். 1854இல் பிலிப் ஹென்றி காஸ்ஸின் புத்தகம் வந்து 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது. கண்ணாடி மீதிருந்த வரி இங்கிலாந்தில் 1845இல் நீக்கப்பட்டிருந்ததும் இதற்குச் சௌகரியமாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1909இல் திறந்து, இரண்டாம் உலகப்போரின்போது மூடப்பட்ட மீன்காட்சிசாலை வழியாக இந்தப் பக்கவாட்டுப் பார்வை நம்மிடமும் வந்தது.

சித்தாந்தம் இதுதான்: சரியான விகிதத்தில் செடியும் பிராணியும் சேர்ந்துவிட்டால் தொட்டி தானே ஒரு முழு உலகம். வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். தன்னுள்ளேயே பூரணமான படைப்பு என்று நாம் கவிதையைப் பற்றி வெகுகாலம் பேசிவந்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. லண்டன் குளிரில் அந்தச் சமன்நிலை ஓரளவு நிற்கும். பொள்ளாச்சி ஏப்ரலில் நிற்காது. ஏனென்றால் உஷ்ணம் செடியையும் நத்தையையும் கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை. கண்ணாடி தண்ணீரைத் தடுக்கிறது, சூட்டைத் தடுப்பதில்லை. நாலு பக்கமும் அடிப்பக்கமும் மூடிய ஒரு பொருளுக்கு உலகத்தோடு உண்மையான கொடுக்கல் வாங்கல் நடக்கிற ஒரே இடம் மேற்பரப்பு, இரண்டு சதுர அடி. தொட்டியைக் குளிர்விப்பது என்றால் அந்த இரண்டு சதுர அடியைக் கவனிப்பது.

பனிக்கட்டி போடலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோகலோரி, உருகிய தண்ணீர் 30 டிகிரிக்கு வருவதற்கு மேலும் 30. ஆக 110. 50 லிட்டர் தொட்டியில் 2 டிகிரிக்குச் சற்று மேல் இறங்கும். அதுவும் திடீரென்று இறங்கி இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஏறும். இந்த ஏற்ற இறக்கம் மீனுக்குச் சூட்டைவிடக் கெடுதல். மாறாக ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் ஏறக்குறைய 580 கிலோகலோரியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து சூடு ஏறாது என்று வைத்துக்கொண்டால் மீதித் தண்ணீர் 11 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது என்பதால் நிஜத்தில் கிடைப்பது 3, 4 டிகிரி. அதுவே போதும். மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளிவிடாமல் கொசுவலையைக் கட்டி, ஒரு சிறிய மேஜைக் காத்தாடியைச் சாய்வாக வைத்தால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரை போகும். தண்ணீர் கலங்குவதால் பிராணவாயுவும் கூடுதலாகக் கரையும்.

பனிக்கட்டி என்பது வெளியிலிருந்து குளிர்ச்சியை வாங்கிப் போடுவது. ஆவியாதல், தன்னில் ஒரு பகுதியைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்வது. இரண்டாவது ஐந்து மடங்கு வலிமையானது. பௌதிகம் இதற்கு மேல் எதையும் சொல்லவில்லை; நானும் சொல்லப்போவதில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆவியாகிற நீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால் எதில் வந்து நிற்கிறதோ அது. வெளியே 37 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 24க்குப் பக்கத்தில் நிற்கும். அதே 37 டிகிரியில் ஈரப்பதம் 60 என்றால் 30. கடற்கரை நகரத்து நண்பர்கள் காத்தாடி வைத்துப் பலனில்லை என்று எழுதுவதற்குக் காரணம் காத்தாடி அல்ல. கொங்கு நாட்டின் வறட்சி, நாம் புலம்புகிற அதே வறட்சி, தண்ணீரைக் குளிர வைப்பதில் தயாளமானது.

பொள்ளாச்சிக்கு இன்னொன்றும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்று திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஜூன் பிறந்தால் மேல்காற்று அந்த வழியாக வந்து விழும். தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே திசையில் சீவியதுபோல் கிடக்கும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். ஜன்னலைத் திறந்தால் தொட்டிக்குக் காத்தாடி வேண்டாம். பிரச்சினை முழுவதும் அதற்கு முந்தைய மூன்று மாதம்.

4

அந்த மூன்று மாதத்தில் 2017ஆம் வருஷத்து மூன்று மாதத்தை மறக்க முடியாது. 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டிருந்தது. ஆழியாற்றில் பாறை தெரிந்தது. தோப்புகளில் தென்னைகள் கொண்டை சாய்ந்து நின்றன. நாற்பது வருஷத்து மரத்தை லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஊற்ற முடியாதவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. தினம் ஒன்றரை லிட்டரைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா ஒருநாள் வந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் தோப்பு. அறுபது மரத்துக்கு மேல் போயிருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் காத்தாடி ஆருக்கு?"

"மீனுக்குங்க பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "மரத்துக்கு வெக்கோணும்னா எத்தன வெக்கோணும்?" என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. ஒரு சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன். காய்ப்பில் இருக்கும் தென்னை ஒன்று கோடையில் என் தொட்டி முழுவதையும் ஒரே நாளில் குடித்துவிடும். குடித்ததில் பெரும்பகுதியை ஓலைகளின் வழியாக ஆவியாக விட்டுவிடும். மரமும் அப்படித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நான் காத்தாடி வைத்துச் செய்கிற அதே காரியத்தை அவருடைய மரங்கள் காத்தாடி இல்லாமல் செய்துகொண்டிருந்தன, கொடுப்பதற்குத் தண்ணீர் இருந்தவரை. இல்லாமல் போனதும் கொண்டை சாய்ந்தது. அவர் தெரிந்து கேட்டாரா என்பது முக்கியமில்லை. கேள்வி சரியான இடத்தில் இருந்தது.

ஒன்றரை லிட்டரால் ஒரு மரமும் பிழைத்திருக்காது என்று வாதிடலாம். உண்மைதான். எழுத்தைப் பற்றியும் நாம் இதே வாதத்தைச் சொல்லிக்கொள்கிறோம்: 300 பிரதி அச்சிடும் காகிதத்தால் யார் பசி தீரும்? கணக்குச் சரி, ஆனால் கேட்பவர் கணக்குக் கேட்கவில்லை. தன் நஷ்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் இது என்ன, என்று கேட்கிறார். அதற்குப் பதில், சிறியது என்பதாக இருக்க முடியாது.

போகும்போது வாசலில் நின்று, "மொடாவுல உடு கண்ணு. அது தன்னால வேர்த்துக்கும்" என்றார்.

5

மொடா, அடி பருத்த பெரிய மண்பாத்திரம். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்புறம் முழுவதும் ஈரமாகி ஆவியாகும். என் கண்ணாடித் தொட்டிக்கு இரண்டு சதுர அடி வாசல் என்றால் மொடாவுக்கு உடம்பெல்லாம் வாசல். அதற்கு மின்சாரம் வேண்டாம். 2012இல் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது நான் இதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடியில் ஈர மணல், சுற்றிலும் தேங்காய் நார் மெத்தை ஒன்றைச் சுற்றி நனைத்து வைத்தால் எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் மாலையில் தண்ணீர் 27 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. போகிற தண்ணீர் ஒன்றும் குறைவு இல்லை. இயற்கையில் இனாம் எங்கும் இல்லை.

ஆவி தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுப் போகிறது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. ஈடு செய்ய அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் மிச்சம் இருப்பது மேலும் மேலும் உப்பேறும். சூடும் காரத்தன்மையும் சேர்ந்தால் மீன் கழிவின் அம்மோனியா அதிக விஷமாகும். அதனால் கோடை மழை பெய்யும்போது பிடித்து வைத்ததைத்தான் ஈடு ஊற்ற வேண்டும்; வாரம் ஒருமுறை பழையதில் ஒரு பங்கை எடுத்துச் செடிக்கு விட வேண்டும். கண்ணாடித் தொட்டியின் உட்புறம் ஒவ்வொரு கோடையும் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. சுரண்டினாலும் முழுதாகப் போவதில்லை. மொடாவில் அந்த உப்பு வெளிப்புறம் பூத்து நிற்கிறது. ஒன்று தன் மிச்சத்தை உள்ளே வைத்துக்கொள்கிறது, மற்றது வெளியே காட்டுகிறது.

ஆனால் மொடாவில் மீனைப் பார்க்க முடியாது. மேலிருந்து குனிந்து முதுகைப் பார்க்கலாம். அவ்வளவே. செவுளின் அசைவு, துடுப்பு விரியும் விதம், கண், பக்கவாட்டில் ஒளி பட்டால் தெரியும் செதில், எல்லாம் போயிற்று. எந்த மீன் நோய்ப்பட்டிருக்கிறது என்பதும் சீக்கிரத்தில் தெரியாது. கண்ணாடி காட்டுகிறது, மூச்சு விடுவதில்லை. மண் மூச்சு விடுகிறது, காட்டுவதில்லை. இரண்டையும் செய்கிற பாத்திரத்தை இதுவரை நான் கண்டதில்லை. தங்கமீனை வளர்த்தெடுத்த சீனர்கள் பல நூற்றாண்டுகள் அதைக் குளத்திலும் பீங்கான் தொட்டியிலும் மேலிருந்துதான் பார்த்தார்கள். முதுகு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்து வளர்த்தார்கள். பக்கவாட்டில் பார்ப்பதுதான் பார்ப்பது என்று நாம் நினைப்பதற்கு 170 வருஷத்து வயதுதான். நம் விமர்சனத்திலும் இந்த ஆசை உண்டு. படைப்பைக் கண்ணாடிக்குள் வைத்து எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். தெரிகிறது. சூடேறுவதும் அதில்தான்.

அயிரைகள் இந்த விவகாரம் எதிலும் கலந்துகொள்வதில்லை. இரண்டு பாத்திரத்திலும் மணலில் புதைந்து கிடக்கும். திடீரென்று ஒன்று நேராக மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அயிரைக் குடும்பத்து மீன்கள் செவுளோடு குடலாலும் சுவாசிக்கக் கூடியவை. தண்ணீர் கைவிட்டால் காற்றை எடுத்துக்கொள்ளும். இதன் விலங்கியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று வருகிறது. 1846இல் வலென்சியன் என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்தது, திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிடைத்த மீன்களை வைத்து. ராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியதாகக் கதை சொல்லும் அதே ஏழு கிணறுகள். குளிர்ந்த தேசத்துத் தங்கமீனுக்காக நான் ஈரத்துணியும் காத்தாடியுமாக அலையும்போது, பக்கத்தில் மணலுக்குள் வெந்நீரின் பெயரைச் சூடிய ஒன்று சும்மா கிடக்கிறது. நம் வாய்க்காலில் இருப்பதை விட்டுவிட்டு வேறொரு தட்பவெப்பத்தின் பிராணியைக் கொண்டுவந்து காப்பாற்றிக்கொண்டிருப்பது யாருக்கான வேலை என்று கேட்கலாம். இறக்குமதியான கோட்பாடுகளைப் பற்றிய சண்டையில் இந்த உதாரணம் யாருக்காவது பயன்படும். எனக்குப் பயன்படாது. தங்கமீன் வந்துவிட்டது. என் வீட்டில் இருக்கிறது. அது மூச்சு விட வேண்டும்.

ஈரக்குமிழ் எல்லையைப் பற்றிச் சொன்னது மீனுக்கு மட்டுமானது அல்ல. மனித உடம்பும் மொடாதான்; வேர்த்துக் குளிர்கிறது. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டு ஆறு மணி நேரம் நின்றால் ஆரோக்கியமான உடம்பும் தாங்காது என்று 2010இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இருவர் கணக்கிட்டார்கள். 2022இல் அமெரிக்காவில் இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகள், 31ஐ ஒட்டியே உடம்பு சமாளிக்கும் திறனை இழக்கத் தொடங்குவதாகக் காட்டின. 2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அது வறண்ட வெயில், ஆகவே ஈரக்குமிழ் கீழேதான் இருந்திருக்கும். வறண்ட காற்றின் தயாளத்தில் நாம் இன்னும் இருக்கிறோம். ஆனால் வேர்ப்பதற்குத் தண்ணீர் வேண்டும். வெயிலில் தேங்காய் உரிப்பவருக்கும், நார் காயவைக்கிற களத்தில் நிற்கும் பெண்களுக்கும் அந்தக் கணக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டரில் முடிவதில்லை.

இப்போது என் ஏற்பாடு இப்படி: மார்ச் கடைசியில் மீன்களை மொடாவுக்கு மாற்றிவிடுகிறேன். கோடை மழைத் தண்ணீரை அதற்கென்று பிடித்து வைக்கிறேன். நார் மெத்தையிலிருந்து சொட்டுவது கீழே ஒரு தென்னங்கன்றின் பாத்தியில் விழுகிறது. ஜூனில் மேல்காற்று எழுந்ததும் மறுபடி கண்ணாடிக்கு. நடுவில் மூன்று மாதம் எனக்குத் தெரிவது இரண்டு முதுகுகள் மட்டும், அதுவும் குனிந்தால்.